கத்தி தொடாத விருந்து

பிரேயஸ், 4 மே 1987

அன்புள்ள கல்லிரோய் அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். இது நல்ல செய்தி. காபிக்கடைக்குத் தொலைபேசி போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே நீ வந்து ரிசீவரை எடுப்பதற்குள் தீவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கடிதம்.

நம் லிகரியாவுக்கு ஒரு உல்லாசக் கப்பலைக் கொண்டுவருகிறேன். பெயர் அல்கியோனி. இருநூறு பயணிகள், பாதி ஜெர்மானியர், பாதி ஆங்கிலேயர். இதுவரை பெரிய தீவுகளில்தான் நிற்பார்கள். "எல்லாரும் போற இடத்துக்கே போயி எல்லாரும் எடுக்கற போட்டோவையே எடுக்கணுமா?" என்று முதலாளியிடம் இரண்டு மாதம் மல்லுக்கட்டி வாங்கினேன். உன் தம்பி சும்மா இல்லை என்பதை ஊருக்குச் சொல்.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஸ்நாபக யோவான் திருவிழா, வேண்டுமென்றே பார்த்துத்தான் தேதி போட்டேன். காலையில் கப்பல் துறைக்கு வெளியே நங்கூரம் போடும். கப்பலின் சிறு படகுகளில் ஆட்கள் இறங்குவார்கள். முதலில் காபி, பிறகு கழுதைப் பாதை வழியாக மலைமேல் யோவான் கோயில், மதியம் மல்பெரி மரத்தடியில் திருவிழா விருந்து, சாயங்காலம் வரை குளியல், ஆறு மணிக்குத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். விருந்துக்குத் தனிச்சீட்டு. தாளில் எப்படி அச்சடித்திருக்கிறேன் பார்: "தீவு மக்களுடன் சேர்ந்து உண்ணுங்கள்! கம்பியில் கோத்துச் சுட்ட முழு ஆடு, உங்கள் கண்முன்னே வெட்டிப் பரிமாறப்படும்!" படித்ததும் முதலாளிக்கே நாக்கில் நீர் ஊறிவிட்டது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சமையலுக்குப் பெண்களைச் சேர், மேசை நாற்காலிக்குச் சொல்லிவை. கப்பலின் படகுகள் போதாவிட்டால் உள்ளூர்ப் படகு ஒன்றும் வேண்டும். அந்த அளவுக்குப் பெரிய படகு உன் கணவரிடம் மட்டும்தான் இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் முறையாகப் பணம் உண்டு. நான் இங்கே அலுவலகத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன்.

உன் தம்பி,
ஃபோட்டிஸ்


லிகரியா, 13 மே

டேய் ஃபோட்டிஸ்,

உன் தாளை அடுப்பங்கரையில் நின்றுகொண்டு படித்தேன். சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏரோது ராஜா யோவானின் தலையை வெட்டிய நாளடா அது! அன்றைக்கு முழு உபவாசம். ஆடு கிடையாது, மீன் கிடையாது, பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. வீட்டில் ஒருவர் கத்தியைத் தொட மாட்டார்கள், ரொட்டியைக் கையால் பிய்த்துத்தான் தின்போம். நீயும் பதினெட்டு வயது வரை அப்படித்தான் தின்றாய். அந்த நாளில் போய் "உங்கள் கண்முன்னே வெட்டி" என்று மூன்று மொழியில் அச்சடித்திருக்கிறாயே, உன்னை எதைக் கொண்டு அடிப்பது? பதினைந்தாம் தேதி மாதா திருவிழாவுக்குத்தான் ஆடு. ஒன்பது வருடமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவனுக்கு இரண்டு திருவிழாவும் ஒரே சட்டியில் விழுந்துவிட்டன.

சாமியாரிடம் சொன்னேன். தாடியை நீவிக்கொண்டு, "ஏரோதுகூட ஒரு தலையோட நிறுத்திக்கிட்டான், கல்லிரோய்" என்றார்.

அடுத்தது சீட்டு. யோவானின் சட்டியிலிருந்து சாப்பிட யாரும் என்றைக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை. வழியில் போகிறவன், துருக்கியன், சாமி இல்லை என்கிறவன், யார் வந்தாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். விற்பது மட்டும் முடியாது. வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும் யோவானின் படம் இந்த வருடம் என் வீட்டில் இருக்கிறது. அதனால் விருந்து என்னுடையது. என் அடுப்பு, என் சட்டி, என் பேச்சு.

ஏன் நான் ஏற்றுக்கொண்டேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் ஸ்ட்ராட்டிஸின் படகு எஞ்சின் நின்று இரண்டு நாள் கடலில் கிடந்தது. அவரைத் திருப்பிக் கொடு, உன் விருந்தை நான் போடுகிறேன் என்று யோவானிடம் சொன்னேன். கொடுத்துவிட்டார். உனக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, ஏனென்றால் நீ ஒரு வரி எழுதவில்லை.

இருநூறு பேருக்கும் நான் சோறு போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நீயும் அவர்களோடு வர வேண்டும், வந்து ஸ்ட்ராட்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதில் பேரம் கிடையாது.

கல்லிரோய்


பிரேயஸ், 25 மே

அக்கா,

கடிதம் கிடைத்தது. ஆடு விஷயம் என் தவறுதான், சரி. ஆனால் தாள் அச்சாகி ஹாம்பர்க் வரை போய்விட்டது. எனவே நடைமுறைக்கு வருவோம். கோயிலில் உன் விருந்து உன்படி நடக்கட்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் துறையில் தெமிஸின் காபிக்கடைமுன் ஆட்டைச் சுடச் சொல்கிறேன். அவர்களுக்கு எந்த யோவான்? யாருக்கும் மனம் நோகாது.

நான் வருவது நடக்காது. அந்த வாரம் எனக்கு நான்கு கப்பல்கள் இருக்கின்றன. மேலும் உன் கணவரும் நானும் ஒரே மேசையில் உட்காருவது யாருடைய ஜீரணத்துக்கும் நல்லதல்ல. காபிக்கடையில் அன்று நான் சொன்னது ஒரு விளையாட்டுப் பேச்சு. அதை ஒன்பது வருடம் உப்புப் போட்டு வைத்திருப்பது அவர்தான்.

படகைப் பற்றி நீ பதில் சொல்லவில்லை.

ஃபோட்டிஸ்


லிகரியா, 9 ஜூன்

ஃபோட்டிஸ்,

தெமிஸிடம் கேட்டேன். "இருபத்தொன்பதாம் தேதி கரி பத்த வைக்கிறதா? என் கைய நானே சுட்டுக்கிறேன், போ" என்றார். உனக்காக மூன்று கசாப்புக் கடையிலும் கேட்டுப் பார்த்தேன். மூவரும் கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார்களாம். அந்த நாளில் உனக்கு ஆடு வெட்ட வேண்டுமானால் நீயே வந்து வெட்ட வேண்டும். எப்படியும் நீ இங்கே வர வேண்டியதாகிறது, பார்த்தாயா?

விளையாட்டுப் பேச்சு என்கிறாய். "மீனே பாவம் பாத்து வலையில விழுந்தாத்தான் இவன் வீட்ல அடுப்பு எரியும், இவனுக்கா எங்க அக்கா?" என்று காபிக்கடை நிறைய ஆள் இருக்கும்போது கத்தினாய். கத்திவிட்டு என் கல்யாணத்துக்கும் வராமல் படகேறிவிட்டாய். மாதா கோயிலில் என் பக்கம் நிற்க ஒரு ஆண்பிள்ளை இல்லாமல் தெமிஸ் வந்து நின்றார். அதற்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நேராகவே சொல்கிறேன், நிறைய இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லவா? பிப்ரவரியில் அவர் காணாமல் போன அந்த இரண்டு நாளும் யாரோ ஒருவன் காபிக்கடைக்குத் தொலைபேசி போட்டபடியே இருந்தானாம். "ஸ்ட்ராட்டிஸ் வந்துட்டாரா?" என்று கேட்பதும் பெயர் சொல்லாமல் வைப்பதும். வந்துவிட்டார் என்று தெமிஸ் சொன்னதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதாம். உன்னை மடியில் வைத்துக் காபி நுரை ஊட்டிய தெமிஸுக்கு உன் குரல் தெரியாதா? என்னிடம் வந்து சொல்லிவிட்டார். நான் ஸ்ட்ராட்டிஸிடம் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

இனி வேலைப் பேச்சு. சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடு. அந்த வெளிநாட்டுக்காரர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்: ராத்திரி முழுக்க விறகு அடுப்பில் வெந்த கொண்டைக்கடலை, வெங்காயம், எண்ணெய், ரொட்டி, ஆலிவ், மது. கத்தி இல்லை, காசு இல்லை. கசக்குமா என்ன?

படகைப் பற்றி ஸ்ட்ராட்டிஸிடம் பேசினேன். வலையிலிருந்து தலை நிமிராமல், "வேணும்னா அவன் வந்து கேக்கட்டும். எங்கிட்ட கேக்கட்டும்" என்றார்.

கல்லிரோய்


பிரேயஸ், 11 ஜூலை

அன்புள்ள அக்கா,

தெமிஸுக்கு வாயில் பூட்டே கிடையாதா?

முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினார். பிறகு கையிலிருந்த பேனாவை என்மேல் எறிந்தார். "ஆட்டுக்குக் காசு வாங்கிட்டுக் கடலைய போடுவியா? நீ என்ன கப்பல் விடறியா, மடம் நடத்தறியா?" என்றார். நானும் விடவில்லை. ஆட்டை எந்தத் தீவிலும் தின்னலாம், கத்தி தொடாத விருந்து இங்கே மட்டும்தான் என்று புதிய தாள் அடித்து அனுப்பினேன். நீ எழுதியதையே போட்டேன்: "கத்தி இல்லை, காசு இல்லை." என்ன நடந்தது தெரியுமா? பணத்தைத் திருப்பி வாங்கிய ஒருவரும் பயணத்தை விடவில்லை. காலியாக இருந்த அறைகளும் நிறைந்துவிட்டன. ஒரு ஜெர்மானிய அம்மா அன்று காலையிலிருந்தே உபவாசம் இருக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். உன் தம்பியிடம் கொடுத்தால் வெறும் கடலையையும் விற்றுவிடுவான், மன்னிக்கவும், விற்காமலே விற்றுவிடுவான்.

ஆனால் முதலாளி ஒரு கொக்கி போட்டார். ஏதாவது கோளாறானால் பதில் சொல்ல நானே கப்பலில் போக வேண்டுமாம். அதனால் 29ஆம் தேதி அல்கியோனியில் இருப்பேன். துறையில் இறங்கி ஆட்களை எண்ணி மேலே அனுப்புவேன், சாயங்காலம் எண்ணித் திரும்ப ஏற்றுவேன். அது என் வேலை. அதற்கு மேல் எதையும் நீ மனதில் வளர்க்காதே.

படகுக்காக உன் கணவருக்கு ஒரு விண்ணப்பம் இத்துடன் இணைத்திருக்கிறேன். கேட்கச் சொன்னாரே, கேட்டுவிட்டேன்.

ஃபோட்டிஸ்


லிகரியா, 2 ஆகஸ்ட்

ஃபோட்டிஸ்,

உன் விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்களது மிதவையினை எமது நிறுவனத்தின் தேவைக்கு ஒரு நாள் அளித்து உதவுமாறு" என்றவுடன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இது யாரு எழுதினது, துறைமுகத் துறையா? அது மிதவை இல்ல, படகு. அதுக்குப் பேரு இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். தாள் இப்போது தூண்டில் புழு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. ஆக, நீ கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்.

இங்கே எல்லாம் தயார். கடலை வந்து இறங்கிவிட்டது. எல்லா வீட்டுச் சட்டியும் வாங்கி என் முற்றத்தில் அடுக்கியிருக்கிறேன், நடக்க இடமில்லை. வெள்ளி மாலை அடுப்பில் வைத்து அடுப்பின் வாயை மண்ணால் பூசினால் சனி பூசை முடியும்போது திறக்கலாம். உன் ஆட்களைக் கழுதைப் பாதையில் விடாதே, மழையில் சரிந்துவிட்டது. காட்டாற்றுப் பக்கமாக ஏற்று, நிழலும் உண்டு. தொப்பி இல்லாமல் ஒருவரையும் இறக்காதே. தோள் தெரிகிற பெண்களுக்குச் சால்வை நானே வைத்திருக்கிறேன், சாமியார் முகம் சுளிக்க மாட்டார். ஆறு மணிக்கு அல்ல, ஐந்துக்கே ஏற்ற ஆரம்பி. ஆகஸ்ட் காற்று உன் அட்டவணையைப் படித்துவிட்டு வருவதில்லை.

இனி என் பேச்சு. மேசையில் ஸ்ட்ராட்டிஸின் வலப்பக்கம் ஒரு நாற்காலி போடுகிறேன். அது உன்னுடையது. சாமியார் வந்தாலும் அதில் உட்கார விடமாட்டேன். நீ துறையில் நின்று ஆட்களை எண்ணிவிட்டு, என் மேசையில் உட்காராமல் திரும்பிப் போனால், அத்தோடு சரி. இனி உனக்கு எழுத மாட்டேன், நீ எழுதினால் பிரிக்க மாட்டேன். மிரட்டல் இல்லை. ஒன்பது வருடமாக உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கால் வலிக்கிறது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், இவ்வளவுதான் விஷயம்.

கல்லிரோய்


பிரேயஸ், 5 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அக்கா, நீ கரையிலிருந்துதான் பார்த்தாய். கப்பலில் என்ன நடந்தது என்பதை நான் எழுதியாக வேண்டும். மேசையில் என்னால் சொல்ல முடியவில்லை.

விடிந்தபோது கடல் முழுக்க வெள்ளை. கேப்டன் காற்றைப் பார்த்தார், துறையைப் பார்த்தார், "ஒரு படகும் இறங்காது" என்றார். இருநூறு பேர் தொப்பி போட்டு, சால்வை சுற்றி, வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஜெர்மானிய அம்மா உண்மையாகவே காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான்கு மாத ஏற்பாடு! மேலே மலையில் பூசை முடிந்து கோயில் மணி அடிப்பது கேட்கிறது. முற்றத்தில் நீ நிற்பதுகூடத் தெரிந்தது, அல்லது நீதான் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு முதலாளி ஞாபகமே வரவில்லை. நாற்காலிதான் ஞாபகம் வந்தது. நான் வராததற்குக் காற்றுதான் காரணம் என்று நீ நம்புவாயா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேப்டன் நங்கூரத்தைத் தூக்கச் சொல்ல வாயெடுத்தபோது அத்தானின் படகு துறையை விட்டு வெளியே வந்தது. கேப்டன் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு, "இந்த ஆளுக்குக் கிறுக்கா?" என்றார். அலையில் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. கப்பலின் காற்றுப் படாத பக்கம் வந்து ஒட்டி நிற்கும்வரை எனக்கு மூச்சில்லை. உள்ளே பார்த்தால் வலையில் கட்டிய சட்டிகள். அவரும் தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்தார். ஒன்பது வருடத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "என்னடா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? கயித்தப் போடச் சொல்லு, கடல ஆறுது!"

சட்டிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தளத்தில் பரப்பி வைத்தோம். கப்பல் பணியாள் வழக்கப்படி கத்திகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஜெர்மானிய அம்மா அத்தனையையும் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கையால் பிய்த்துச் சாப்பிட்டார்களாம். நான் பார்க்கவில்லை. அதற்குள் நான் கீழே பக்கவாட்டுக் கதவில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசிச் சட்டி போனதும் அத்தான் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். என்னை வா என்று சொல்லவில்லை. நான் கேட்டால்தான் உண்டு என்று நின்றார். நான் கேட்டேன். "அத்தான், நானும் வரட்டுமா?" என்று கத்தினேன். காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது, எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "குதி!" என்று மட்டும் சொன்னார். குதித்தேன். சொந்தப் பொறுப்பு என்று கேப்டன் முன்னமே கையெழுத்து வாங்கியிருந்தார்.

கரையேறியதும் நீ போட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு நாள் காற்று அடங்கும் வரை உன் வீட்டில் தங்கியிருந்தும் 'அத்தான்' என்ற வார்த்தை என் வாயிலிருந்து மறுபடி வரவில்லை. அவர் காதில் விழாத ஒன்றைச் சொல்லிவிட்டதாகக் கணக்கு வைக்க முடியாது. அதனால் எழுத்தில் தருகிறேன்: அத்தான், அன்று காபிக்கடையில் நான் பேசியது விளையாட்டு இல்லை. அக்காவைக் கொடுக்க மனமில்லாத வயிற்றெரிச்சல். பிப்ரவரியில் துறைமுகத்தில் கேள்விப்பட்டுத் தொலைபேசி போட்டதும் நான்தான்.

என் வேலை போகவில்லை. தீவுதான் போய்விட்டது. லிகரியாவில் இனி நங்கூரம் போட மாட்டேன் என்று கேப்டன் எழுதிக் கொடுத்துவிட்டார், முதலாளியும் அட்டவணையிலிருந்து அடித்துவிட்டார். பயணிகள் எல்லோரும் பாராட்டி எழுதியும் பிரயோஜனமில்லை. கப்பலுக்கு நம் துறை சரிப்படவில்லை, விடு. எனக்குச் சரிப்படும். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

உங்கள் தம்பி,
ஃபோட்டிஸ்


லிகரியா, 14 செப்டம்பர்

டேய் ஃபோட்டிஸ்,

உன் கடிதம் வந்தபோது ஸ்ட்ராட்டிஸ் வலையைக் காலில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ஜெர்மானிய அம்மாவின் கைப்பைக்கு நன்றாகச் சிரித்தார். பிப்ரவரித் தொலைபேசி வந்தபோது சிரிக்கவில்லை, ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வயிற்றெரிச்சல் என்று நீ எழுதியிருக்கும் இடத்தில் நானே இரண்டு முறை நிறுத்திவிட்டுத்தான் வாசித்தேன்.

முடித்துவிட்டு மடிக்கப் போனேன். "மேல என்னன்னு ஆரம்பிச்சிருக்கான்? அத மறுபடி வாசி" என்றார். வாசித்தேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி அந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாவங்க, அன்னிக்குக் கப்பல்லேருந்து அத்தான்னு கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்" என்றேன்.

"கேக்காமயா குதின்னு சொன்னேன்?" என்றார் உன் அத்தான்.

கல்லிரோய்